என்னைக் கண்டுகொள்ளாத கப்பல்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒரு விண்வெளிக் கணினி விளையாட்டில், லேவ் என்ற கிரகத்தின் நிலையத்துக்கு வெளியே எந்திரத்தை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தேன். கையிலிருந்த காசு முழுவதையும் போட்டு வாங்கிய சரக்கைக் கொள்ளையரிடம் பறிகொடுத்துவிட்டு வெறுங்கப்பலோடு திரும்பியிருந்தேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. விளையாட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று நினைத்தபோது பின்னாலிருந்து ஒரு பைத்தான் வந்தது. பெரிய சரக்குக் கப்பல். இரு பக்கமும் சிறிய துணைக்கப்பல்கள். என்னைச் சுடவில்லை, செய்தி எதுவும் அனுப்பவில்லை, பாதையைக்கூட எனக்காக மாற்றிக்கொள்ளவில்லை. நிலையத்தின் வாயிலுக்கு நேராகத் திரும்பி, அதன் சுழற்சிக்கு ஏற்பத் தானும் மெல்லச் சுழன்று உள்ளே போய்விட்டது. துணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன.

மூன்று வாரமாக அந்த விளையாட்டில் இருந்தேன். அதுவரை நான் கண்ட ஒவ்வொரு கப்பலும் ஏதோ ஒரு வகையில் என்னைப் பற்றியதாகவே இருந்தது: என்னைச் சுட வந்தது, அல்லது நான் சுடுவதற்காக வந்தது. இந்தப் பைத்தானுக்கு மட்டும் என்னோடு ஒரு வேலையும் இல்லை. அதற்கு ஒரு தொழில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு போனது. அன்றிரவு நான் தூங்கப் போகவில்லை. பொழுது விடியும்வரை அங்கேயே நின்று போகிற வருகிற கப்பல்களைப் பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில் என் நிலை எப்படி இருந்தது என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம்.

அந்த விளையாட்டின் பெயர் ஊலைட். 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதி, ஏக்கார்ன்சாஃப்ட் வெளியிட்ட எலைட் என்ற விண்வெளி வணிக விளையாட்டுக்கு அது மறுபிறவி. கைல்ஸ் வில்லியம்ஸ் முதலில் மேக் கணினிகளுக்காக எழுதத் தொடங்கினார். பிறகு பலர் சேர்ந்துகொண்டார்கள். இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. எனக்குப் பிடித்ததே இதுதான். கப்பல்களின் விவரமெல்லாம் சாதாரண உரைக் கோப்புகளில் இருக்கும். சமையலறைக்குள் போய் சாம்பாரில் என்ன போட்டார்கள் என்று எட்டிப் பார்ப்பதுபோல நாமே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கப்பலுக்கும் 'பாத்திரங்கள்' என்று ஒரு வரி இருந்தது. வியாபாரி, கொள்ளையர், வேட்டையர், காவல், துணை, சுரங்கர், பொறுக்கி எடுப்பவர், கிரகத்துக்கும் நிலையத்துக்கும் இடையே ஓடும் சிறு ஓடம் என்று நீளும் சொற்கள். ஒரே கப்பலுக்கு இரண்டு மூன்று தொழில்களும் இருக்கலாம். நான் ஓட்டும் கோப்ரா மார்க் 3 அப்படித்தான். அது எதிரே வந்தால் வியாபாரியா, கொள்ளையரா, வேட்டையரா என்று தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. அருகே வந்து என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் பாதி ஆடை பாதி என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலைட்டின் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாம்புகளின் பெயர். ஆங்கிலத்தில் படிக்கும்போது அவை வெறும் பெயர்கள். தமிழில் யோசித்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. மலைப்பாம்பு சரக்கு சுமக்கிறது, விரியன் போலீஸ், கட்டுவிரியன் கொள்ளைக்காரன், நடுவில் நல்ல பாம்பில் ஏறிக்கொண்டு நான் மூட்டை மூட்டையாக உணவு விற்கிறேன். நல்ல பாம்பு என்ற பெயரின் நன்மையை என் வணிகக் கணக்கில் இதுவரை காணவில்லை.

பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும். அதுதான் எடை. விளையாட்டுக்கு ஒரு வியாபாரி தேவைப்படும்போது, வியாபாரி என்ற சொல் உள்ள எல்லாக் கப்பல்களையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கும். எடை கூடினால் குடத்தில் அந்தக் கப்பலின் சீட்டுகள் கூடும். எண் எதுவும் எழுதாவிட்டால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். குடவோலை முறைதான், ஒருவர் பெயரையே பல ஓலைகளில் எழுதிப் போட அனுமதியுள்ள குடவோலை.

இந்த எடையை வைத்து நான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். சொந்தமாக ஒரு கப்பல் சேர்க்க ஆசை. உருவம் பழைய கப்பல் ஒன்றினுடையது, செங்கல் நிறம் மட்டும் என்னுடைய படைப்பு. எப்போதாவது கண்ணில் படும் அபூர்வக் கப்பலாக இருக்க வேண்டும் என்று வியாபாரி பாத்திரத்துக்கு 0.2 என்று எடை போட நினைத்தவன், தூக்கக் கலக்கத்தில் 20 என்று அடித்துவிட்டேன். அடுத்து விளையாட்டைத் திறந்தபோது போக்குவரத்துப் பாதை முழுக்கச் செங்கல். பத்து வியாபாரிகளில் ஏழெட்டுப் பேர் என் கப்பலில் வந்தார்கள். செங்கல் சூளை கிளம்பி ஊர்வலம் போவதுபோல இருந்தது. அதைத் திருத்திய கையோடு, துணை என்ற பாத்திரத்தையும் சேர்த்தேன். லேசர் கொடுக்க மறந்துவிட்டேன். கொள்ளையர் வந்தார்கள். என் கப்பல் அஞ்சாமல் பாய்ந்து அவர்களைத் துரத்தியது, கிட்டே போனது, வட்டமிட்டது, மறுபடியும் துரத்தியது. சுட அதனிடம் ஒன்றுமில்லை. கடமை மட்டும் இருந்தது. அது வெடித்துச் சிதறியபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தொழிலைக் கொடுத்துவிட்டுக் கருவியைக் கொடுக்காமல் அனுப்பியது நான்தானே.

இந்தக் கோப்புகளில் ஊறிக் கிடந்தபோதுதான் மூலத்தையே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 1984இன் எலைட் ஓடியது பிபிசி மைக்ரோ என்ற கணினியில். நினைவகம் 32 கிலோபைட். திரையில் தெரியும் படத்துக்கும் அதற்குள்ளேயே இடம் ஒதுக்கியாக வேண்டும். இவ்வளவு சிறிய இடத்தில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள் என்று 2048 ஊர்களை அடக்கியதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். என்னை வியக்கவைத்தது ஊர்களல்ல, அவற்றுக்கு இடையே ஓடிய கப்பல்கள். அந்தப் பழைய நிரலை வரி வரியாகப் பிரித்து விளக்கம் எழுதி வைத்திருக்கிறார் மார்க் மாக்சன் என்பவர். பொழுதுபோகாத எவரும் போய்ப் படிக்கலாம். பொழுது போய்விடும்.

நெகிழ்வட்டில் வந்த எலைட் பதிப்பில் ஒரு கப்பலுக்கு ஒதுக்கிய இடம் 37 பைட். எங்கே இருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, என்ன வேகம், எவ்வளவு சக்தி மிச்சம் என்பதெல்லாம் அதற்குள். கடைசிப் பைட் அந்தக் கப்பலின் தொழிலும் குணமும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே எட்டுக் கேள்விகள், ஆம் அல்லது இல்லை. வியாபாரியா? குற்றவாளியின் தலைக்கு வைத்த விலைக்காகச் சுடும் வேட்டையரா? பகைமை கொண்டுவிட்டதா? கொள்ளையரா? நிலையத்துக்குள் போகப் போகிறதா, கிரகத்தை நோக்கியா? அப்பாவியா? காவலரா? கடைசிக் கேள்வி, கதை முடிந்துவிட்டதா, அதாவது நிலையத்துக்குள் போய்விட்டதா அல்லது யாராவது அள்ளிக்கொண்டுவிட்டார்களா?

ஜாதகக் கட்டங்கள் பன்னிரண்டு. இங்கே எட்டே கட்டங்களில் ஒரு பிறவி முடிந்துவிடுகிறது. இதில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது இரண்டு விஷயங்களை. கொள்ளையர் என்பதற்கு ஒரு பிட், பகைமை என்பதற்கு வேறொரு பிட். கொள்ளையராக இருப்பதும் இப்போது சுட வருவதும் ஒன்றல்ல என்று இரண்டு மாணவர்கள், ஒவ்வொரு பிட்டுக்கும் கஞ்சத்தனம் காட்ட வேண்டிய நிலையிலும், பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் சுட வரும் கொள்ளையர், நாம் நிலையத்தின் பாதுகாப்பு வட்டத்துக்குள் போய்விட்டால் விட்டுவிடுவார்கள். தொழில் மாறுவதில்லை, மனநிலை மாறுகிறது. இரண்டாவது, அப்பாவி என்பதற்கென்றே ஒரு பிட். நிலையத்தின் அருகே அந்த பிட் உள்ள கப்பலைச் சுட்டால் நிலையம் கோபம்கொண்டு காவலர்களை அனுப்பும். அப்பாவியாக இருப்பதும் எண்ணிக்கையில் வரும் ஒரு நிலை என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

வியாபாரிகளிலும் எல்லாரும் சாது அல்ல. ஐந்தில் நான்கு பேர் தன் வேலையைப் பார்ப்பவர்கள். மீதமுள்ள ஒரு பங்கினர் பகுதி நேரமாக வேட்டையும் ஆடுவார்கள். நம் மீது வழக்கு இருந்தால் துணிமூட்டை ஏற்றிப் போகும் ஒருவர் திடீரென்று துப்பாக்கியைத் திருப்புவார். இந்த ஒரு சிறு கோணல்தான் அந்த உலகத்தை ஊராக்குகிறது என்று நினைக்கிறேன். எந்த ஊரிலும் மளிகைக் கடைக்காரர் முழு நேர மளிகைக் கடைக்காரர் மட்டுமல்ல. வட்டிக்கும் கொடுப்பார், பெண்ணுக்கு வரனும் பார்ப்பார்.

இந்த மூளைகள் ஒவ்வொரு கணமும் யோசிப்பதும் இல்லை. கணினிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. நிரல் எட்டுச் சுற்று சுற்றும்போது ஒரு கப்பலுக்கு ஒருமுறை முடிவெடுக்கும் வாய்ப்பு வரும். மற்ற ஏழு சுற்றிலும் ஏற்கெனவே எடுத்த முடிவின்படி போய்க்கொண்டிருக்கும். ஏவுகணைக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றும் யோசனை உண்டு. அதன் ஆயுளே சில நொடிதான், பாவம்.

ஆனால் ஓர் ஏமாற்றமும் அங்கே ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று கொஞ்சம் கசப்பாகவே இருந்தது. எலைட்டில் ஒரு வியாபாரியைச் சுட்டு வீழ்த்தினால் சரக்கு உருளைகள் சிதறும். அள்ளிக்கொள்ளலாம். அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது என்பது எப்போது முடிவாகிறது தெரியுமா? நாம் அள்ளும் அந்தக் கணத்தில். அப்போதுதான் பகடை உருள்கிறது. உணவு, துணி, கதிரியக்கப் பொருள், அடிமைகள், மது, ஆடம்பரப் பொருள், போதைப்பொருள், கணினி என்று எட்டில் ஒன்று விழுகிறது. அப்படியானால் அந்த வியாபாரி வழி நெடுக எதைச் சுமந்துவந்தார்? ஒன்றையும் இல்லை. வேளாண் கிரகத்திலிருந்து தொழிற்கிரகத்துக்குப் போகும் கப்பல் என்று நான் கற்பனை செய்துகொண்டதெல்லாம் என் கற்பனைதான். அவர் போனாலும் போகாவிட்டாலும் எந்தச் சந்தையிலும் விலை அசையாது. அந்த உலகத்தில் உண்மையான வியாபாரி நான் ஒருவன் மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் வெறும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடையைக் குறுக்கே கடக்கும் நாடகக்காரர்கள்.

ஊலைட் இதைச் சற்றுத் திருத்தியது. வேறு மண்டலத்திலிருந்து தாவி வரும் வியாபாரியின் கப்பலில் இந்த ஊரில் கிடைக்காத பொருள்கள் இருக்கும். இங்கிருந்து கிளம்பிப் போகிறவரிடம் இந்த ஊரில் மலிந்த பொருள்கள். எனவே உணவு விளையும் கிரகத்தில் உள்ளே வரும் கப்பலைக் கொள்ளையடித்தால் இயந்திரங்களும் கணினிகளும் கிடைக்க வாய்ப்பு, வெளியே போகும் கப்பலைப் பிடித்தால் சோறுதான். நான் கொள்ளையடிப்பவன் அல்லன். ஒரே ஒருமுறை, அதுவும் ஆராய்ச்சிக்காக.

கொள்ளையரைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை நகராது. பழைய எலைட்டில் அவர்கள் வானிலை போன்றவர்கள். அராஜகம் நிலவும் உலகத்துக்குப் போனால் அடைமழை, பெருநிறுவன ஆட்சி நடக்கும் உலகத்துக்குப் போனால் எப்போதாவது ஒரு தூறல். அரசு எவ்வளவு ஒழுங்கானதோ அவ்வளவுக்குக் கொள்ளையர் முளைக்கும் வாய்ப்பைக் கணக்குக் குறைத்துவிடும். ஒருவராகவோ நால்வர் வரையிலான கூட்டமாகவோ வருவார்கள், சுடுவார்கள், சாவார்கள். சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கொள்ளையடிக்காத கொள்ளையர். சரக்கறையில் எனக்கு ஒரு பொட்டு அரிசிகூட இல்லாதபோதும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவர்களைப் பார்த்து, இவர்களுக்கு வேறு என்னதான் வேண்டும் என்று யோசித்திருக்கிறேன்.

ஊலைட்டின் கொள்ளையருக்கு நோக்கம் உண்டு. அவர்களுடைய கோப்பில் உள்ள கட்டளைகளைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: அருகே வியாபாரி இருக்கிறாரா பார், மிதக்கும் சரக்கு இருக்கிறதா பார், அள்ளு, சரக்கறை நிறைந்துவிட்டதா என்று பார். இந்தக் கடைசிக் கட்டளையைப் படித்தபோது எனக்கு அவர்கள் மீது மரியாதை வந்தது. போதும் என்று சொல்லத் தெரிந்த கொள்ளைக்காரர்கள். பிற்காலப் பதிப்புகளில் அவர்கள் பேரமும் பேசுகிறார்கள். சரக்கைப் போட்டுவிடு, விட்டுவிடுகிறோம் என்று செய்தி வரும். போதுமான அளவுக்கு உருளைகளை வெளியே தள்ளினால் சொன்னபடி விட்டுவிட்டுப் பொறுக்கப் போய்விடுவார்கள். என் கதையின் தொடக்கத்தில் நான் வெறுங்கப்பலோடு திரும்பியது இப்படித்தான். கோழை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கப்பல் மிஞ்சியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தக் கப்பல்களில் ஒரு பாத்திரத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எதைத் தேடிப் போகிறது என்பது மட்டுமல்ல, எப்போது ஓடுகிறது என்பதும்தான். எஸ்கேப் வெலாசிட்டி என்று ஒரு விளையாட்டு, 1996இல் ஆம்ப்ரோசியா நிறுவனத்துக்காக மேட் பர்ச் மேக் கணினிக்கு எழுதியது. அதில் கணினி ஓட்டும் கப்பலுக்கு மொத்தமே நான்கு வகை மூளைதான். அவற்றில் இரண்டு வியாபாரிக்கு: பயந்த வியாபாரி, தைரியமான வியாபாரி. முதலாமவர் ஊர் ஊராகப் போவார், அடித்தால் ஓடுவார். இரண்டாமவரும் ஊர் ஊராகத்தான் போவார், அடித்தால் திருப்பி அடிப்பார், அடித்தவன் எட்டாத தூரம் போனதும் இவரும் நழுவிவிடுவார். மூன்றாவது போர்க்கப்பல். எதிரியைத் தேடும், இல்லாவிட்டால் வேறு ஊருக்குத் தாவிவிடும். நான்காவது இடைமறிப்புக் கப்பல். எதிரி இல்லாவிட்டால் கிரகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும், உள்ளே வருகிறவர்களை உரசிக்கொண்டு போய்க் கடத்தல் சரக்கு உண்டா என்று மோப்பம் பிடிக்கும். தன் கண்ணெதிரே யாராவது இன்னொருவரைச் சுட்டால் தட்டிக் கேட்கும். சோதனைச் சாவடியில் நிற்கும் ஏட்டையாவை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. இந்த மூளையையும் ஒரு கூட்டம் கப்பல்களையும் சேர்த்து முடிந்து வைக்கும் கோப்பு வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'டூட்'. ஆங்கிலத்தில் நம் 'மச்சி' போல. வேலை செய்துகொண்டே சிரித்த மனிதர்கள் என்று தெரிகிறது.

அந்த வழியில் வந்த என்ட்லெஸ் ஸ்கை, மைக்கேல் ஜானிசர் தொடங்கிய திறந்த மூல விளையாட்டு. இன்னும் ஒரு படி மேலே போய் தொழிலை விட்டுவிட்டுக் குணங்களையே வரிசையாக எழுதச் சொல்கிறது: பயந்த சுபாவம், வீரம், சூறையாடும் பழக்கம், அடிபட்டால் சரக்கைக் கொட்டிச் சமாதானம் செய்துகொள்ளும் இயல்பு. வியாபாரக் கப்பல்களுக்குப் பயமும் சமாதானமும், கொள்ளையருக்குச் சூறை. அதில் 'குழப்பம்' என்றும் ஒரு எண் உண்டு. குறி எவ்வளவு தவற வேண்டும் என்பதற்கு. கணினிக்குக் குறி தவறாமல் சுடுவது எளிது. தவறவிடச் சொல்லித் தருவதுதான் வேலை.

தவறவிடச் சொல்லித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எலைட் டேஞ்சரஸ் ஒரு நேரடிப் பாடம். பிரேபனின் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அந்தப் புதிய எலைட்டில், 2016இல் ஒரு பெரிய புதுப்பிப்பு வந்ததும் கணினி ஓட்டும் கப்பல்கள் கண்டபடி வலுவடைந்துவிட்டன. ஓர் ஆயுதத்தின் வேகமும் இன்னோர் ஆயுதத்தின் பலமும் கலந்து ஒரு கலப்பின ஆயுதம் அவற்றின் கையில் சிக்கியிருந்தது. வலைத் தொடர்பில் நேர்ந்த கோளாறு என்று நிறுவனம் விளக்கிச் சரிசெய்தது. செய்திகளில் அதைக் கணினியின் கலகம் என்றெல்லாம் எழுதினார்கள். கலகமில்லை. தன்னுடைய தொழிலைத்தான் அவை செய்தன, கருவிதான் மாறியிருந்தது. என் செங்கல் கப்பலின் கதையை அப்படியே திருப்பிப் போட்டால் இது.

சரி, வெறும் மூட்டை சுமக்கும் வியாபாரிகள் என்று குறைசொன்னேனே, மெய்யாகவே சரக்கு சுமந்தால் எப்படி இருக்கும்? அதைச் செய்துகாட்டியவர்கள் ஜெர்மனியின் ஈகோசாஃப்ட். 1999இல் தொடங்கிய அவர்களுடைய எக்ஸ் என்ற விளையாட்டு வரிசையின் அண்மைய வளர்ச்சி 2018இல் வந்த எக்ஸ்4. அதில் சுரங்கக் கப்பல் தாதுவை வெட்டி எடுக்கிறது, ஆலை அதை உலோகமாக்குகிறது, இன்னோர் ஆலை மேலோட்டுப் பாகங்களாக்குகிறது, கப்பல் கட்டும் தளம் அந்தப் பாகங்கள் வந்து சேர்ந்தால்தான் கப்பல் கட்டும். நடுவில் ஓடும் ஒவ்வொரு லாரிக் கப்பலும் உண்மையான சரக்கை உண்மையான தேவைக்குக் கொண்டுபோகிறது. சுரங்கக் கப்பல்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தால், எங்கோ தொலைவில் ஒரு பேரரசின் கடற்படை இளைத்துக்கொண்டே வரும். யாரும் எழுதிவைத்த கதை அல்ல அது. பசி.

எக்ஸ்4இல் சில மாதங்கள் மூழ்கிக் கிடந்தேன். என்னிடம் இருபது கப்பல்களுக்கு மேல் சேர்ந்தன. நீ சுரங்கம், நீ வியாபாரம், நீ இவனுக்குத் துணை என்று நானே பாத்திரம் கொடுத்தேன். ஆபத்தான பகுதிகளுக்குப் போகாதே என்று தடைப்பட்டியல் எழுதலாம். எழுதச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஒரு மாலையில் என் பெரிய சரக்குக் கப்பல், லாபம் அதிகம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, உயிரோடு யாரும் திரும்பாத ஒரு மண்டலத்தின் வழியே போனது. திரும்பவில்லை. அதற்குக் கணக்குத் தெரிந்திருந்தது, பயம் தெரியவில்லை. பயத்தைப் பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான்.

ஆனால் அங்கேயும் ஓர் இழப்பு உண்டு. நாம் இல்லாத மண்டலத்தில் நடக்கும் சண்டைகளை அந்த விளையாட்டு மேலோட்டமான கணக்காகவே முடித்துவிடுகிறது. அது புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆயிரக்கணக்கான கப்பல்களை முழுமையாக ஓட்ட எந்தக் கணினியாலும் ஆகாது. எனக்கு வந்த சிக்கல் வேறு. உண்மையான பொருளாதாரம் வந்ததும் நான் கப்பல்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வரைபடத்தைப் பார்த்தேன், இருப்புப் பட்டியலைப் பார்த்தேன், எந்த ஆலையில் எது குறைகிறது என்று பார்த்தேன். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் செய்வதை வீட்டில் விலை கொடுத்து வாங்கிச் செய்துகொண்டிருந்தேன். எக்ஸ்4 பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஊலைட்டுக்கே திரும்பிவிட்டேன்.

திரும்பி வந்து செய்த முதல் காரியம், நெடுநாள் ஆசை ஒன்றைத் தீர்த்துக்கொண்டது. ஊலைட்டில் ஒரு கப்பல் வேறு மண்டலத்துக்குத் தாவும்போது பின்னால் புழுத்துளை ஒன்று சற்று நேரம் திறந்திருக்கும். நாமும் அதற்குள் நுழையலாம். எரிபொருள் செலவில்லை. அந்தப் பக்கம் வெளியே வரும்போது அந்தக் கப்பலும் அங்கே இருக்கும். விளையாட்டு நம் வருகைக்காகப் புதிதாக உருவாக்கும் கூட்டத்தில் ஒன்றல்ல அது. அந்த ஊரில் பார்த்த அதே கப்பல்.

லேவில் காத்திருந்தேன். ஒரு பைத்தான் நிலையத்திலிருந்து புறப்பட்டது. அதே பைத்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே போன கப்பல் உள்ளே போனதுதான், வெளியே வருவது வேறொரு சீட்டு. ஒரே ஒரு துணைக்கப்பல் இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் காலி. அவை தாவின. நீல நிற வட்டம் மங்குவதற்குள் நானும் நுழைந்தேன்.

மறுபக்கம் எனக்குப் பழக்கமில்லாத மண்டலம். தூரத்தில் கிரகம் ஒரு கடுகளவு. பைத்தான் தன் வேகத்தில் நிலையத்தை நோக்கிக் கிளம்பியது. ராடாரின் ஓரத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன, வருகின்றனவா போகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. நான் வேகத்தைக் கூட்டி முன்னே போயிருக்கலாம். போகவில்லை. பைத்தானின் வலது பக்கத்துக்குப் போய், காலியாக இருந்த இடத்தில், அதன் வேகத்துக்கு என் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சேர்ந்து போனேன். இருபது நிமிடப் பயணம். மூன்று புள்ளிகளும் அப்படியே விலகிப் போய்விட்டன. நிலையம் வந்ததும் பைத்தான் திரும்பியது, சுழன்றது, உள்ளே போனது. அதன் துணை பின்னால் போனது. ஒரு செய்திகூட வரவில்லை.